ஒரே ஸ்ட்ரீமை இரண்டு பேர் படிக்க வேண்டுமென்றால்

வெப் புரோகிராமிங் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒருநாள் இந்தப் பிழையில் வந்து மாட்டிக்கொள்வார்கள். ஃபெட்ச்() மூலம் சர்வரிலிருந்து பதில் வருகிறது. அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கலாமே என்று கன்சோலில் அச்சிட ஒரு வரி சேர்க்கிறோம். அதுவரை ஒழுங்காக ஓடிய பக்கம் அப்படியே நின்றுவிடுகிறது. குரோமில் 'பாடி ஸ்ட்ரீம் ஆல்ரெடி ரெட்' (உடல் ஸ்ட்ரீம் ஏற்கெனவே படிக்கப்பட்டுவிட்டது) என்று சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கிறது. சும்மா எட்டிப் பார்த்ததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும்.

யாரையாவது கேட்டால் 'க்ளோன்() போடு, சரியாயிடும்' என்பார்கள். போட்டால் சரியாகியும்விடும். ஏன் சரியானது என்று மேலே கேட்டால், 'அது ஒரு நகல் எடுத்துக் கொடுக்கும்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த 'நகல்' என்ற சொல்தான் குழப்பத்துக்கு வேர். அதை அப்படியே நம்பியதால் ஒரு சர்வர் நாள்தோறும் மெமரி நிரம்பி விழுந்ததை நான் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஸ்ட்ரீம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம்.

## டிக்டேஷன் வகுப்பு

கையில் பாடப்புத்தகம் இருந்தால் 10ஆம் பக்கத்தைப் படிக்கலாம், திரும்பி 3ஆம் பக்கத்துக்கு வரலாம். பக்கத்தில் இருப்பவரும் எட்டிப் பார்த்துப் படிக்கலாம். எத்தனை பேர் எத்தனை முறை படித்தாலும் புத்தகம் தேயாது. புரோகிராமில் ஒரு மாறியில் முழுதாக வந்து உட்கார்ந்துவிட்ட தரவு இப்படித்தான்.

டிக்டேஷன் வகுப்பு வேறு மாதிரி. டீச்சர் ஒரு வாக்கியம் சொல்கிறார், பையன் எழுதிக்கொள்கிறான், அடுத்த வாக்கியம் வருகிறது. சொல்லி முடித்த வாக்கியம் காற்றோடு போய்விட்டது. எழுதியவன் நோட்டில் மட்டும்தான் அது இருக்கிறது. பாதி வகுப்பில் உள்ளே வருகிறவனுக்கு முதல் பாதி கிடையாது.

ஸ்ட்ரீம் என்பது இந்த டிக்டேஷன்தான். தரவு மொத்தமாக வராமல் துண்டு துண்டாக வந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் 'சங்க்' என்று பெயர். எடுத்துக்கொண்ட சங்க் ஸ்ட்ரீமை விட்டுப் போய்விடும், திருப்பிக் கேட்க வழியில்லை. ஃபெட்ச்() கொண்டுவரும் பதிலின் உடல் பகுதி இப்படிப்பட்ட ஒரு ஸ்ட்ரீம். வெப் தரத்தில் அதற்கு 'ரீடபிள்ஸ்ட்ரீம்' என்று பெயர்.

ஏன் இந்தத் தொல்லை, மொத்தமாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். 1 ஜிபி வீடியோவை மொத்தமாகக் கொடுத்தால் 1 ஜிபி மெமரி வேண்டும். சங்க் சங்காகக் கொடுத்தால் ஒரு நேரத்தில் சில நூறு கிலோபைட் இருந்தால் போதும். வாங்கு, பயன்படுத்து, விட்டுவிடு, அடுத்ததை வாங்கு. ஸ்ட்ரீமின் அருமையே இதுதான். பின்னால் வருகிற எல்லாச் சிக்கலும் இந்த அருமையை நாம் அறியாமல் கெடுத்துக்கொள்வதால் வருவதுதான்.

இப்போது தொடக்கத்துப் பிழை விளங்கும். ஜேசன்() என்பது பதிலின் உடலை முழுதாகப் படித்துத் தரவாக மாற்றித் தரும் செயல். கன்சோலில் அச்சிடுவதற்காக அதைக் கூப்பிட்டபோதே டிக்டேஷன் முழுவதையும் அந்த வரி எழுதிக்கொண்டுவிட்டது. அடுத்த வரி அதே பதிலிடம் மறுபடி ஜேசன்() கேட்கிறது. டீச்சர் பாடத்தை முடித்துவிட்டுப் போயாயிற்று.

## ஒருவருக்கு மட்டும் இடமுள்ள பெஞ்சு

ஜேசன்() போன்ற வசதிகளைப் பயன்படுத்தாமல் நாமே சங்க் சங்காகப் படிக்க வேண்டுமென்றால், முதலில் ஸ்ட்ரீமிடம் ஒரு 'ரீடர்' வாங்க வேண்டும். படிப்பதற்கான அனுமதிச்சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சீட்டுதான் கொடுப்பார்கள். அது வெளியே இருக்கும்வரை ஸ்ட்ரீம் 'பூட்டப்பட்ட' நிலையில் இருக்கும். இன்னொருவர் சீட்டு கேட்டால் டைப்எரர் என்ற பிழைதான் பதில்.

இந்தக் கெடுபிடி தேவையானதே. பூட்டு இல்லாமல் இருவர் ஒரே ஸ்ட்ரீமை இழுத்தால் முதல் சங்க் ஒருவருக்கும் இரண்டாவது மற்றவருக்கும் போகும். இருவர் நோட்டிலும் பாதிப் பாதி வாக்கியம்தான் இருக்கும், யாருக்கும் பாடம் புரியாது.

இங்கே ஒரு சின்ன விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பூட்டு திறந்துவிடும், அடுத்தவர் சீட்டு வாங்கலாம். ஆனால் அவருக்குக் கிடைப்பது மிச்சம் மட்டுமே. பூட்டு திறந்தது என்பதற்காகப் படித்த பகுதி திரும்பி வராது. பூட்டப்பட்டிருப்பது வேறு, படித்துத் தீர்ந்திருப்பது வேறு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஸ்ட்ரீம் ஒரே ஒருமுறை ஓடும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம். சரி, நிஜமாகவே இரண்டு பேருக்கு வேண்டுமென்றால்?

## டீ() என்ற பெயர் எங்கிருந்து வந்தது

அதற்காகத்தான் ரீடபிள்ஸ்ட்ரீமில் டீ() என்று ஒரு செயல் இருக்கிறது. குடிக்கிற டீ இல்லை. பிளம்பர் ஒரு குழாயை இரண்டாகப் பிரிக்க வைப்பாரே, ஆங்கில எழுத்து 'டி' வடிவத்தில் ஒரு இணைப்பு, அந்த டீ. யூனிக்ஸில் பல்லாண்டுகளாக இதே பெயரில் ஒரு கட்டளை உண்டு. ஒரு நிரலின் வெளியீட்டைத் திரையிலும் காட்டி, கோப்பிலும் எழுதிவைக்கும். வெப் தரம் அந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது.

டீ()யைக் கூப்பிட்டால் 2 புதிய ஸ்ட்ரீம்கள் கிடைக்கும். இவற்றைக் கிளைகள் என்று அழைப்போம். மூல ஸ்ட்ரீம் பூட்டிக்கொள்ளும், ஏனென்றால் அதன் சீட்டை டீ()யே வாங்கிக்கொண்டது. இனி மூலத்தைத் தொட வேண்டியதில்லை. இரு கிளைகளையும் தனித்தனியாகப் படிக்கலாம். மூன்று பேருக்கு வேண்டுமென்றால் ஒரு கிளையை மறுபடி டீ() செய்ய வேண்டும்.

பிளம்பரின் டீயோடு ஒப்பிடுவதில் ஓர் ஆபத்து உண்டு. தண்ணீர்க் குழாயில் டீ வைத்தால் தண்ணீர் பங்காகிவிடும், மாடிக்குக் கொஞ்சம், கீழே கொஞ்சம். இங்கே பங்கு கிடையாது. ஒவ்வொரு கிளைக்கும் எல்லாச் சங்கும் முழுதாக வரும். அதனால் குழாயை மறந்துவிட்டு டிக்டேஷன் வகுப்புக்கே திரும்புவோம்.

முன்பு சொன்ன க்ளோன்() உள்ளுக்குள் செய்வதும் இதைத்தான். பதிலின் உடலை டீ() செய்து, ஒரு கிளையைப் பழைய பதிலிடமும் மற்றதைப் புதிய பதிலிடமும் கொடுக்கிறது. ஜெராக்ஸ் எடுப்பது போல எதுவும் அந்த நேரத்தில் நடப்பதில்லை. நகல் எடுக்க அங்கே தரவே இன்னும் வந்து சேர்ந்திருக்காது. இரண்டு பேருக்குச் சொல்வதாக ஏற்பாடு மட்டும் நடக்கிறது. அதனால்தான் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே க்ளோன்() செய்துவிட வேண்டும். படித்த பிறகு கேட்டால் டைப்எரர் வரும்.

## யார் வேகத்துக்குச் சொல்வது?

கட்டுரையின் நடுத்தூண் இந்தப் பகுதிதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வகுப்பில் இப்போது இரண்டு பேர். ஒருத்தி மளமளவென்று எழுதுகிறாள். மற்றவன் எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதுகிறான். டீச்சர் யாருக்காகக் காத்திருக்க வேண்டும்?

நாம் பார்த்த டீச்சர்கள் கடைசிப் பையன் தலையை நிமிர்த்தும்வரை காத்திருப்பார்கள். டீ() அப்படியில்லை. வேகமாக எழுதுகிறவள் 'அடுத்தது டீச்சர்' என்றதுமே அடுத்த வாக்கியம் வந்துவிடும். அப்போ மெதுவாக எழுதுகிறவன் வாக்கியத்தைத் தவறவிடுவானா? மாட்டான். அவனுக்காக ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு தாளில் எழுதி அவன் மேசைமேல் அடுக்கிவிடுவார்கள். அவன் தன் வேகத்தில் ஒவ்வொன்றாக எடுத்து எழுதலாம். எதுவும் தொலையாது. ஆனால் தாள்கட்டு உயர்ந்துகொண்டே போகும். போதும், நிறுத்து என்று சொல்ல அங்கே ஆளில்லை.

இந்தத் தாள்கட்டுதான் கிளையின் உள்வரிசை, புரோகிராமர்கள் பேச்சில் 'க்யூ'. மேசை என்பது மெமரி.

இன்னொரு சொல்லையும் இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். வாங்குகிறவர் திணறும்போது 'கொஞ்சம் பொறு' என்ற தகவல் பின்னோக்கிப் போய், கொடுப்பவரின் வேகத்தைக் குறைப்பதற்கு 'பேக்பிரஷர்' என்று பெயர். சாதாரண ஒற்றை ஸ்ட்ரீமில் இது தானாகவே நடக்கும். டீ() வந்ததும் பாதி போய்விடுகிறது: வேகமான கிளையின் பேக்பிரஷர் மட்டும்தான் மூலத்துக்கு எட்டும். மெதுவான கிளையின் குரல் எட்டாது.

கணக்குப் போட்டால் விபரீதம் தெரியும். 1,000 எம்பி கோப்பு ஒன்று வருகிறது. ஒரு கிளை விநாடிக்கு 25 எம்பி வீதம் பயனருக்கு அனுப்புகிறது. மற்ற கிளை விநாடிக்கு 5 எம்பி வீதம் ஒரு மெதுவான சேமிப்பகத்தில் எழுதுகிறது. 40 விநாடியில் முதல் கிளை வேலையை முடித்துவிடும். அதற்குள் இரண்டாவது கிளை 200 எம்பிதான் எழுதியிருக்கும். மிச்சம் 800 எம்பி? மெமரியில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே நேரத்தில் 5 பேர் பதிவிறக்கினால் 4,000 எம்பி.

கோப்பு முழுவதையும் மெமரியில் ஏற்றக் கூடாது என்றுதானே ஸ்ட்ரீமுக்கு வந்தோம்? சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

நான் சொன்ன அந்த சர்வர் இதில்தான் மாட்டியது. வருகிற பதில்களில் ஏதாவது பிழை இருந்தால் அதைப் பதிவுசெய்ய வேண்டும் என்று ஒருவர் எல்லாப் பதில்களையும் க்ளோன்() செய்து வைத்திருந்தார். பிழை வந்தால் மட்டும் அந்த க்ளோனைப் படிப்பார். வராவிட்டால் அதைத் தொடுவதே இல்லை. 'படிக்காத நகலால் என்ன செலவு?' என்பது அவர் கணக்கு. படிக்காத கிளைதான் இருப்பதிலேயே மெதுவான கிளை, அதன் வேகம் பூஜ்யம். முதல் கிளை படித்த ஒவ்வொரு பைட்டும் அந்தத் தீண்டப்படாத மேசைமேல் அடுக்கப்பட்டது. சின்னச் சின்ன ஜேசன் பதில்கள் வந்தவரை யாரும் கவனிக்கவில்லை. பெரிய கோப்புகள் அதே வழியாகப் போகத் தொடங்கியதும் மெமரி வரைபடம் படிக்கட்டு மாதிரி ஏறிற்று. கண்டுபிடிக்க 2 நாள், திருத்த ஒரே வரி: பதிலின் நிலை எண்ணை முதலில் பார், பிழையாக இருந்தால் மட்டும் க்ளோன்() செய்.

## ஒரே பெயர், வேறு குணம்

அனுபவசாலிகளும் இதில் தடுக்கி விழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. யூனிக்ஸின் டீ கட்டளை இப்படி நடந்துகொள்ளாது. அது ஒரு துண்டை வாங்கி, முதல் இடத்தில் எழுதி, அடுத்த இடத்தில் எழுதி, அப்புறம்தான் அடுத்த துண்டை வாங்கும். ஓரிடம் திணறினால் எல்லாமே காத்திருக்கும். சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட்ஜேஎஸ்ஸின் பழைய ஸ்ட்ரீமில் ஒரே மூலத்தை பைப்() மூலம் இரண்டு இடங்களுக்கு இணைத்தாலும் அப்படித்தான், மெதுவானவர் வேகமே எல்லோர் வேகமும். இரண்டுமே நம் பள்ளி டீச்சர் மாதிரி.

அந்தப் பழக்கத்தோடு வருகிறவர்கள் வெப் ஸ்ட்ரீமின் டீ()யும் காத்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பெயர் ஒன்று, குணம் நேர்மாறு.

எது சரி என்றால், இரண்டுக்கும் விலை உண்டு. மெதுவானவருக்காகக் காத்திருந்தால் மெமரி மிச்சம், ஆனால் வேகமானவர் இழுபடுவார். ஒருவர் படிக்காமலே இருந்துவிட்டால் மற்றவரும் அப்படியே உறைந்துபோவார். நோட்ஜேஎஸ்ஸில் சில ஃபெட்ச் நூலகங்களில் பெரிய பதிலை க்ளோன்() செய்து, ஒன்றை முழுதாகப் படித்த பிறகு மற்றதைப் படிக்கலாம் என்று எழுதினால் நிரல் தொங்கி நிற்பது இதனால்தான். காத்திருக்காவிட்டால் யாரும் உறைய மாட்டார்கள், மெமரி வீங்கும். வேக வித்தியாசம் எங்காவது போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும், ஒன்று நேரமாக, இல்லை மெமரியாக. வெப் தரம் மெமரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

சுருக்கமாக: டீ() இரு கிளைகளுக்கும் எல்லாச் சங்கையும் தரும். வேகமான கிளைதான் மூலத்தை ஓட்டும். பின்தங்கிய கிளைக்கு உரியது மெமரியில் வரம்பில்லாமல் சேரும்.

## கிளைகள் எவ்வளவு தனி?

இரண்டு கிளைகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு இடங்களில் அவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

முதலாவது, சங்க். படம், வீடியோ போன்ற பைட் ஸ்ட்ரீம்களில் கிளைக்குக் கிளை தனிப் பிரதி வரும், பயமில்லை. ஆனால் சங்குகள் ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்ட்களாக இருக்கும் சாதாரண ஸ்ட்ரீமில், இரு கிளைகளுக்கும் வருவது அதே ஆப்ஜெக்ட்தான். விலைப்பட்டியல் வரிகள் ஒவ்வொன்றாக வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளையில் ஜிஎஸ்டி சேர்த்துக் காட்டுவதற்காக விலையை அந்த ஆப்ஜெக்ட்டிலேயே மாற்றிவிட்டால், மற்ற கிளையில் சேமிக்கப் போகும் விலையும் மாறிவிடும். அதுவும் எந்தக் கிளை முந்துகிறதோ அதைப் பொறுத்து ஒருநாள் சரியாக இருக்கும், ஒருநாள் தப்பாக இருக்கும். இந்த மாதிரிப் பிழையைத் தேடுவதுபோல் நோகும் வேலை வேறில்லை. ஆப்ஜெக்ட் சங்குகளை மாற்ற வேண்டுமென்றால் முதலில் பிரதி எடுத்து அதை மாற்றுங்கள்.

இரண்டாவது, நிறுத்துவது. 'எனக்கு இனி வேண்டாம்' என்று ஒரு ஸ்ட்ரீமைக் கைவிடுவதற்கு கேன்சல்() என்று பெயர். இரு கிளைகளும் கேன்சல்() ஆனால்தான் மூலம் நிற்கும். ஒருத்தி எழுந்து போனாலும் மற்றவன் இருக்கும்வரை வகுப்பு நடக்கும்.

இது இன்றைக்கு அடிக்கடி வரும் ஒரு சூழலில் முக்கியமாகிறது. அரட்டைச் செயலியில் ஏஐ மாடலின் பதில் சொல் சொல்லாக வருகிறது. நம் சர்வர் அதை டீ() செய்து, ஒரு கிளையைப் பயனரின் பிரௌசருக்கு அனுப்புகிறது, மற்றதை டேட்டாபேஸில் சேமிக்கிறது. டீ()க்கு இது நல்ல பயன்பாடு, எழுத்து என்பதால் அளவும் சின்னது. நடுவில் பயனர் டேபை மூடிவிடுகிறார். அவருடைய கிளை ரத்தாகும். சேமிக்கும் கிளை உயிரோடு இருப்பதால் மாடல் தொடர்ந்து எழுதிக்கொண்டேயிருக்கும். பயனர் திரும்பி வரும்போது முழுப் பதிலும் இருக்க வேண்டும் என்றால் இதுவே நாம் விரும்புவது. மூடியதும் நிற்க வேண்டும், காசு மிச்சமாக வேண்டும் என்றால் இரண்டாவது கிளையையும் நாமே கேன்சல்() செய்ய வேண்டும், அல்லது அபார்ட்கன்ட்ரோலர் மூலம் மூல ஃபெட்ச்சையே முறிக்க வேண்டும். முறித்தால் அந்தப் பிழை இரு கிளைகளுக்கும் போய்ச் சேரும்.

கூடவே ஒரு பொறி. ஒரு கிளையை மட்டும் கேன்சல்() செய்துவிட்டு, அது முடியட்டும் என்று அவெய்ட் போட்டுக் காத்திருக்காதீர்கள். மற்ற கிளையும் ரத்தாகும்வரை அல்லது மூலம் முடியும்வரை அந்த வரி நகராது.

## டீ() தேவைப்படாத இடங்கள்

டீ()யைக் கற்றவுடன் எல்லா இடத்திலும் போடத் தோன்றும். பல இடங்களில் அது வேண்டாம்.

எவ்வளவு பதிவிறங்கியிருக்கிறது என்று காட்ட வேண்டும் என்றால் இரண்டாவது வாசகர் எதற்கு? போகிற வழியில் நின்று எண்ணுகிற ஓர் ஆள் போதும். கல்யாண மண்டப வாசலில் சந்தனம் கொடுப்பவர் வருகிறவர்களை எண்ணிவிடுவார், அதற்காக யாரையும் இரண்டு முறை உள்ளே அனுப்ப மாட்டார். டிரான்ஸ்ஃபார்ம்ஸ்ட்ரீம் இந்த வேலைக்கு ஏற்றது. வரும் சங்கின் அளவைக் கூட்டிக்கொண்டு, சங்கை அப்படியே மறுபக்கம் தள்ளிவிடும். க்யூ வளராது, பேக்பிரஷர் கெடாது.

இரண்டு பேருக்கும் நிஜமாகவே முழுத் தரவும் வேண்டும், ஒருவர் மெதுவானவர், கோப்பும் பெரியது என்றால், பள்ளி டீச்சரை நாமே எழுதிக்கொள்ளலாம். ஒரே ரீடர், ஒரு லூப். ஒரு சங்க் வாங்கு, இருவருக்கும் கொடு, இருவரும் முடித்தார்களா என்று ப்ராமிஸ்.ஆல்() மூலம் காத்திரு, அப்புறம் அடுத்த சங்க். பத்துப் பன்னிரண்டு வரிதான் வரும். வேகம் குறையும், மெமரி அசையாது.

டீ() சரியாகப் பொருந்தும் இடத்துக்கு நல்ல உதாரணம் சர்வீஸ் வொர்க்கர், அதாவது பக்கத்துக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவில் நின்று பிரௌசரில் ஓடும் நிரல். பதில் வந்ததும் க்ளோன்() செய்து, ஒன்றை கேஷில் (பிரௌசரின் சேமிப்பில்) வைத்துவிட்டு மற்றதைப் பக்கத்துக்கு அனுப்புவார்கள். இரண்டு கிளையும் உடனே, ஏறக்குறைய ஒரே வேகத்தில் படிக்கப்படும். மேசைமேல் தாள் சேர வாய்ப்பு குறைவு.

தொடக்கத்தில் சொன்ன அந்தக் கன்சோல் பிழைக்கோ க்ளோன்() தேவையே இல்லை. ஜேசன்()ஐ ஒருமுறை மட்டும் கூப்பிட்டு, கிடைத்ததை ஒரு மாறியில் போட்டுக்கொள்ளுங்கள். டிக்டேஷன் முடிந்து நோட்டு கையில் இருக்கிறது. அந்த நோட்டைக் கன்சோலும் படிக்கலாம், உங்கள் நிரலும் படிக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.